ஒழுகும் வண்டி

பாதி முன்பணத்தை மேசையில் வைத்து
வைரவன் சொன்னார்:
"தண்ணி வண்டி போடணும் மேடம்.
நம்ம வண்டியே. பச்சை.
ஒழுகுறதும் வேணுமாம் பாப்பாவுக்கு."

ரோஜா தெரியும் எனக்கு.
செவ்வந்தி, முத்துச்சரம், கோட்டை,
கொம்பு முளைத்த குதிரை,
ஓட்டல்காரர்கள் கேட்கும் ஆத்தங்குடிக் கல்
(பதினோரு முறை போட்டாயிற்று,
கண்ணை மூடினாலும் கட்டம் விழும்).
ஒழுகுவது தெரியாது.

இரவு, செக்காலை மாடியில்,
கைபேசியைச் சீனி டப்பாவில் சாய்த்துவைத்துத் தேடினேன்.
எந்த ஊரோ, முகம் காட்டாத ஒருத்தி,
மோதிரமில்லாத கை,
பேசாமல் பாடம் நடத்தினாள்.
பையை நிமிர்த்திப் பிடி. அழுத்து. நிறுத்து. பிறகு தூக்கு.
நிறுத்துமுன் தூக்கினால் வால் முளைக்கும்.
அவள் ஜன்னலுக்கு வெளியே பனி.
அவள் வெண்ணெய் சொன்ன இடத்தில் நிற்கிறது,
என் வெண்ணெய்க்குச் சித்திரை மாதம்.
கேக்கின் விளிம்பில் சாக்லேட் வழியவிட
ஆயிரம் பேர் கற்றுத்தருகிறார்கள்.
லாரி ஒழுக
ஒருத்தரும் இல்லை.

விடியலில் ஸ்கூட்டியை எடுத்தேன்.
கழனிவாசல் தாண்டி, வெடித்துக் கிடந்த ஊருணிக்குப் பக்கத்தில்
ஆழ்குழாய் முன்னே வரிசையில் வண்டிகள்.
வைரவன் டீ குடிக்கப் போயிருந்தார், நல்லது.
குந்தி உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் அது சொட்டே இல்லை.
வால்வின் கழுத்தில் ஒரு வியர்வை.
திரளலாமா என்று யோசிக்கிறது.
கனம் வந்ததும் இழுபட்டு நூலாகி
அறுகிறது, அறுந்த நுனி
மேலே சுருண்டு மறுபடி வியர்வை.
சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றியிருந்தார்,
அதன்மேல் மஞ்சள் துணி, அதன்மேல் சணல்.
தண்ணீர் மூன்றையும் படித்துவிட்டு வெளியே வந்தது.

வண்டி கிளம்பியதும் பின்னால் போனேன்.
தாரில் ஒரு கறுப்புக் கோடு,
நேரில் மெலிசு, வளைவில் தடிமன்,
வேகத்தடை ஏறி இறங்கிய இடத்தில்
ஒரு பூ.
இதழ் இதழாய், ஓரம் சிதறி,
எந்த நாசிலும் போடாத பூ.
வெயில் வந்து அழிப்பதற்குள்
இரண்டு படம் எடுத்துக்கொண்டேன்.
நாய் ஒன்று வந்து நடுவை நக்கிப் போனது.

காலண்டர் தாளின் முதுகில் எழுதியது:
பச்சையில் ஒரு துளி கறுப்பு, புது வண்டியாய் இருக்கக்கூடாது.
துருவுக்குக் கோகோ, உலர்ந்த தூரிகை, மூச்சை அடக்கு.
தாருக்கு பிஸ்கட் பொடி.
நீருக்குக் கடல்பாசி, அதுதான் நம் வெயிலுக்கு நிற்கும்.
'குடிநீர்' என்று எழுதாதே,
அந்த டேங்கில் கடைசிப் புள்ளி உதிர்ந்து
'குடிநீர' என்றுதான் இருக்கிறது.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
ஃப்ரிட்ஜைத் திறக்காமல்
கதவில் உள்ளங்கை வைத்து நின்றேன்,
காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல.
உள்ளே சக்கரம் ஒன்று சாய்ந்திருக்கும் என்று பட்டது.
சாய்ந்துதான் இருந்தது.
விட்டுவிட்டேன். பாரம் ஏற்றிய வண்டி.

சூரக்குடி ரோட்டு வீட்டில்
பலூன்களுக்குக் கீழே இறக்கி வைத்தேன்.
கூட்டம் கைதட்டத் தயாராய் நின்றது.
கனிஷ்கா, ஏழு வயது, நம்பர் பிளேட்டில் தன் பெயரைப்
பார்க்கவே இல்லை.
குனிந்தாள். வால்வையே பார்த்தாள்.
கடல்பாசிச் சொட்டு விழாமல் தொங்கியது.
கத்தியை நீட்டிய அம்மாவைத் தாண்டி
உள்ளே ஓடி
எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கொண்டுவந்து
அதற்கு நேர் கீழே வைத்தாள்.

"நிறையட்டும்," என்றாள்.
"அப்புறம் வெட்டலாம்."

மெழுகுவர்த்தி உருகிக்கொண்டிருந்தது.
வைரவன் சிரிக்கவில்லை.
பதினேழு பேர்
டம்ளரைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.